ஹை-ரெஸ் இசை ஸ்பீக்கர் வரை முழுசாக வந்து சேர எந்த வழி நல்லது?

இசை ஸ்ட்ரீமிங் சேவையின் சந்தாவை மேல் திட்டத்துக்கு மாற்றியாகிவிட்டது. ஆப்பில் பாட்டுக்குக் கீழே ‘ஹை-ரெஸ் லாஸ்லெஸ்’ (சிடியைவிட நுணுக்கமான, எதையும் இழக்காத ஒலி) என்ற முத்திரையும் வருகிறது. ஆனால் வீட்டு ஸ்பீக்கரில் கேட்டால் பழைய சத்தமே. அடுத்து என்ன செய்வது? டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி) வாங்குவதா, ஸ்ட்ரீமர் (பாட்டைத் தானே இணையத்திலிருந்து எடுக்கும் பெட்டி) வாங்குவதா, இருப்பதை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு வைஃபை ஸ்பீக்கருக்கு மாறிவிடுவதா? இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எந்தச் சேவைக்குச் சந்தா கட்டுகிறோம் என்பதைவிட, ஒலி எந்த வழியாக ஆம்ப்புக்கு, அதாவது ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு, போகிறது என்பதுதான் பெரிய விஷயம். இது என் உறுதியான கருத்து. சேவைகளுக்கு இடையே இன்று பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. அமேசான் மியூசிக் 2019இலும் ஆப்பிள் மியூசிக் 2021இலும் 24 பிட் (ஒவ்வொரு அளவீட்டின் நுணுக்கம்), 192 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலி அளக்கப்படுகிறது, அதாவது சாம்பிள் ரேட்) வரை தர ஆரம்பித்தன. கோபஸும் அந்த அளவு தருகிறது. டைடல் 2024 ஜூலையில் எம்க்யூஏ என்ற சுருக்கு வடிவத்தைக் கைவிட்டு ஃப்ளாக் என்ற லாஸ்லெஸ் வடிவத்துக்கு வந்துவிட்டது. ஸ்பாட்டிஃபை மட்டும் 2025 செப்டம்பரில் லாஸ்லெஸ் கொண்டுவந்தபோது 24/44.1 (24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்) என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. ஆக, இசை சர்வரிலிருந்து கிளம்பும்போது நன்றாகத்தான் கிளம்புகிறது. கெடுவது வழியில்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் உச்ச அளவு. 1982இல் சிடி விற்பனைக்கு வந்தபோதிருந்த 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான் அடிக்கோடு. அதற்கு மேற்பட்டதை எல்லாம் ஹை-ரெஸ் என்கிறார்கள். ஜப்பான் ஆடியோ சொசைட்டியின் ஹை-ரெஸ் முத்திரையை ஒட்ட வேண்டுமானால் கருவி 24/96ஐயாவது கையாள வேண்டும். சுருக்காத நிலையில் சிடி ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட், 24/96 என்றால் 4,608, 24/192 என்றால் 9,216. ஃப்ளாக், ஏலாக் போன்ற லாஸ்லெஸ் வடிவங்கள் இதைக் கணிசமாகக் குறைத்தாலும் விரிக்கும்போது ஒரு பிட் கூட மாறாது. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி விஷயங்கள் தானாகவே விளங்கிவிடும்.

இரண்டாவது, நடுவில் யாராவது கை வைக்கிறார்களா என்பது. போனின் இயங்குதளம், கணினியின் ஒலிக் கலவை, டிவி, ஆம்ப் என்று ஒவ்வொன்றும் சாம்பிள் ரேட்டை மாற்றிவிடக்கூடியவை. மாற்றினாலும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. எனக்கு இதுதான் தலையாய அளவுகோல்.

மூன்றாவது, உங்கள் சேவை அந்த வழியில் நேரடியாக வேலை செய்கிறதா என்பது. நான்காவது, அன்றாடப் புழக்கம்: வீட்டில் எல்லோராலும் பாட்டுப் போட முடிகிறதா, நடுவில் போன் வந்தால் என்ன ஆகிறது. கடைசியாக, விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் இங்கேயே பேசிவிடலாம். 2007இல் மேயர், மொரான் என்ற இருவர் ஹை-ரெஸ் தட்டுகளை நேராகவும், நடுவில் 16/44.1 ஆகக் குறைத்தும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். 554 சோதனைகளில் சரியான விடை பாதிக்குப் பாதி, அதாவது குருட்டாம்போக்கில் சொன்னாலும் வரக்கூடிய அளவு. 2016இல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்ற காதுகள் என்றால் 60ஐ ஒட்டி. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மிக மெல்லியது என்றுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அதனால் 96க்கும் 192க்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்காக நான் கூடுதலாக எதையும் செலவழிக்க மாட்டேன். பாதி வழியில் சிதைந்த 24/192ஐவிட, மாறாமல் வந்து சேரும் 16/44.1 எவ்வளவோ மேல்.

## புளூடூத்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், கணக்கே இடிக்கிறது. எல்லாக் கருவியிலும் இருக்கும் எஸ்பிசி கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) வழக்கமாக நொடிக்கு 328 கிலோபிட் வரைதான். ஏபிடிஎக்ஸ் எச்டி 576. மிக அதிகம் தரும் எல்டாக் 990, அதுவும் சிக்னல் தளர்ந்தால் 660, 330 என்று இறங்கிவிடும். பெட்டியில் ‘24/96 ஆதரவு’ என்று போட்டிருப்பது பொய் இல்லை. ஆனால் 4,608ஐ 990க்குள் அடைக்க வேண்டுமானால் எதையாவது தூக்கி எறிந்தே ஆக வேண்டும். ஏபிடிஎக்ஸ் லாஸ்லெஸ் சிடி தரத்தை முழுசாகக் கொண்டுபோகும், ஆனால் இரண்டு முனையிலும் அது இருக்க வேண்டும், சிக்னலும் நன்றாக இருக்க வேண்டும். ஐபோனில் எஸ்பிசியும் ஏஏசியும் மட்டுமே.

வீட்டுக்கு வந்தவர் தன் போனிலிருந்து ஒரு பாட்டுப் போட, வேலை செய்துகொண்டே கேட்க, இதைவிட வசதி வேறு இல்லை. ஹை-ரெஸ் வேண்டும் என்பவர் புளூடூத்தில் கேட்பதற்காக மேல் திட்டத்துக்குச் சந்தா கட்டுவது வீண்.

## ஏர்பிளே, காஸ்ட்

ஆப்பிளின் ஏர்பிளே, கூகுளின் காஸ்ட் இரண்டும் வைஃபையில் ஓடுவதால் ஒன்று போலத் தெரியும், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. வீட்டு ஆம்ப், ஸ்ட்ரீமர்களில் ஏர்பிளேயை நம்பினால் கிடைப்பது அதிகபட்சம் 16/44.1. போனிலிருந்து அனுப்பும்போது ஒலி போன் வழியாகத்தான் போகிறது, அதை எடுத்துக்கொண்டு வெளியே போனால் பாட்டும் நின்றுவிடும். காஸ்ட்டில் போன் ‘இந்தப் பாட்டைப் போடு’ என்று சொல்வதோடு சரி. பாட்டைக் கருவியே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், 24/96 வரை போகலாம். சில ஆப்களில் காஸ்ட் வழியாகப் போட்டால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே சின்னதாக ஒரு அறுபடல் வரும். நிற்காமல் ஓடும் நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் இது ரொம்ப உறுத்தும்.

மறைவான செலவு, நிறுவனத்தை நம்பி இருப்பது. 24/96 தந்த குரோம்காஸ்ட் ஆடியோவின் தயாரிப்பை கூகுள் 2019 ஜனவரியோடு நிறுத்தியது. பிறகு 2025 மார்ச்சில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி, நல்ல நிலையில் இருந்த அந்தக் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முடங்கின. கூகுள் சரிசெய்துவிட்டது என்றாலும், வன்பொருள் பழுதாகாமலேயே ஒரு கருவி செத்துப்போகலாம் என்பதை அது காட்டிவிட்டது.

ஏற்கெனவே நல்ல ஆம்ப் இருந்து, அதிலேயே ஏர்பிளேயோ காஸ்ட்டோ இருந்தால் இப்போதைக்கு இதிலேயே இருங்கள். புளூடூத்திலிருந்து இதற்கு மாறும்போது வரும் முன்னேற்றம், இதிலிருந்து ஹை-ரெஸ்ஸுக்குப் போகும்போது வருவதைவிடப் பெரியது.

## போன் அல்லது கணினியோடு யூஎஸ்பி டிஏசி

குறைந்த செலவில் உண்மையான 24/192ஐத் தொட வேண்டுமானால் இதுதான் நேர்வழி. ஆனால் அதிகம் பேர் ஏமாறுவதும் இங்கேதான், காரணம் இயங்குதளங்கள்.

ஐபோன் தன் சொந்த ஒலி வழியில் 24/48க்கு மேல் போகாது. யூஎஸ்பி டிஏசியை மாட்டினால் பாட்டுக்கு ஏற்றபடி 192 வரை தானாகவே மாறிக்கொள்ளும். இந்த விஷயத்தில் ஐபோன் சிக்கலே தராது. ஆண்ட்ராய்டு அப்படி இல்லை. பொதுவாக எல்லா ஒலியையும் தன் கலவைக்குள் இழுத்து 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றித்தான் வெளியே விடும். ஆண்ட்ராய்டு 14இல் யூஎஸ்பிக்கு மட்டும் பிட் மாறாமல் அனுப்பும் வசதி வந்தது, ஆனால் ஆப் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ மாதிரி, சொந்த யூஎஸ்பி டிரைவர் வைத்திருக்கும் ஆப் தேவைப்படும்.

விண்டோஸும் எல்லா ஒலியையும் கலந்து, கன்ட்ரோல் பேனலில் குறித்த ஒரே சாம்பிள் ரேட்டில்தான் அனுப்பும். இதைத் தாண்ட எக்ஸ்க்ளூசிவ் மோட் (ஆப் டிஏசியைத் தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும் அமைப்பு) வேண்டும். டைடல், கோபஸ் கணினி ஆப்களில் அது உண்டு. மேக்கில் ‘ஆடியோ மிடி செட்டப்’ என்ற ஆப்பில் என்ன ரேட் அமைத்திருக்கிறோமோ, ஆப்பிள் மியூசிக் எல்லாப் பாட்டையும் அந்த ரேட்டுக்கு மாற்றித்தான் தரும். 96இல் வைத்துவிட்டு 44.1 ஆல்பம் கேட்டால் 96 ஆக ஊதிப் பெருத்து வரும், காதுக்குப் புதிதாக எதுவும் வராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பல டிஏசிகளின் முகப்பில் சாம்பிள் ரேட்டைக் காட்டும் சிறு திரையோ, நிறம் மாறும் விளக்கோ இருக்கும். முதலில் ஒரு 44.1 ஆல்பத்தைப் போடுங்கள், அப்புறம் 96 ஆல்பம் ஒன்று, அப்புறம் 192. ஆல்பம் மாறும்போது எண்ணோ நிறமோ மாற வேண்டும், சில டிஏசிகளில் ‘டிக்’ என்று ஒரு ரிலே சத்தமும் கேட்கும். மூன்றுக்கும் 48 என்றே நின்றால் யாரோ நடுவில் கலக்குகிறார்கள் என்று அர்த்தம். என்னைக் கேட்டால், இந்தக் காட்சி இல்லாத டிஏசியை வாங்கவே கூடாது.

மறைவான செலவுகள் இங்கே நிறைய. லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது ஸ்பீக்கரில் மெல்லிய ‘ம்ம்ம்’ இரைச்சல் வரலாம். அது மின்சாரத் தரை இணைப்பு வழியாக வருவது. பாட்டரியில் ஓட்டினால் நின்றுவிடும் என்றால் காரணம் அதுதான். டிஏசியில் ஆப்டிகல் நுழைவாயில் இருந்து, அந்த வழியில் ஒலியை அனுப்ப முடிந்தால் இந்த இரைச்சல் போய்விடும், ஏனென்றால் அந்தக் கேபிளில் மின்சாரமே ஓடுவதில்லை. கலவை வழியாகப் போனால் பாட்டுக்கு நடுவே மெசேஜ் வந்த சத்தமும் பெரிய ஸ்பீக்கரில் கேட்கும். போனை மாட்டிவிட்டால் அது ஆம்ப் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். பழைய யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 1 டிஏசி என்றால் 24/96தான் எல்லை.

மேசையில் உட்கார்ந்து தனியாக, ஹெட்போனில் கேட்பவருக்கு இதற்கு ஈடு கிடையாது. ஆப்பிள் மியூசிக் சந்தாதாரருக்கும்தான், காரணம் அடுத்த பகுதியில்.

## நெட்வொர்க் ஸ்ட்ரீமர்

ஆம்ப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டைத் தானே இணையத்திலிருந்து இறக்கி, ஆம்ப்புக்கோ டிஏசிக்கோ கொடுக்கும் சின்னப் பெட்டி. வீம், புளூசவுண்ட் போன்றவற்றின் ஸ்ட்ரீமர்கள் 24/192 வரை கொடுக்கின்றன. டைடல் கனெக்ட், கோபஸ் கனெக்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் என்று சேவையின் சொந்த ஆப்பிலேயே பாட்டைத் தேர்ந்தெடுத்து, கருவியின் பெயரைத் தொட்டால் போதும். அதற்குப் பிறகு போன் வெறும் ரிமோட். போன் அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது, போனின் இயங்குதளம் எதிலும் தலையிடாது. அதே நெட்வொர்க்கில் இருக்கும் வேறொருவர் தன் போனிலிருந்தே பாட்டை மாற்றலாம்.

பொது அறையில் ஏற்கெனவே ஆம்ப்பும் ஸ்பீக்கரும் இருக்கிறவர்களுக்கு நான் கை காட்டுவது இதைத்தான். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஆப்பிள் மியூசிக். பெரும்பாலான ஸ்ட்ரீமர்களில் இது நேரடியாக ஓடாது. ஏர்பிளே வழியாகத்தான் வரும், அதாவது சிடி தரத்தோடு நின்றுவிடும். ஆப்பிள் மியூசிக்கை விட முடியாது, ஹை-ரெஸ்ஸும் வேண்டும் என்றால் முந்தைய வழிதான்.

ஆம்ப். ஸ்ட்ரீமர் சரியாகக் கொடுத்தாலும், பல ஏவி ரிசீவர்கள் (டிவி, சினிமா ஒலிக்கான ஆம்ப்கள்) உள்ளே வரும் அனலாக் ஒலியை மறுபடி டிஜிட்டலாக்கி, 48 கிலோஹெர்ட்ஸில் பதப்படுத்தித்தான் வெளியே விடும். ‘டைரக்ட்’ அல்லது ‘ப்யூர் டைரக்ட்’ என்ற பொத்தான் அதற்காகவே இருக்கிறது.

வால்யூம். ஸ்ட்ரீமரிலேயே டிஜிட்டலாக ஒலியளவைக் குறைத்தால் ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் சுமார் ஒரு பிட் கழியும். பதறத் தேவையில்லை. 24 பிட் பாதையில் கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடம் இருக்கிறது, நல்ல டிஏசிகளே 120ஐ ஒட்டித்தான் எட்டுகின்றன, சிடிக்கு 96 போதும். 24 பிட்டின் உண்மையான பயன் இந்தத் தாராளம்தான். 16 பிட் வெளியீட்டில் வைத்துக்கொண்டு பாதிக்கும் கீழே குறைப்பதுதான் தவறு.

கையில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி இருந்து, நோண்டிப் பார்ப்பதில் ஆசையும் இருந்தால் மூட், வால்யூமியோ போன்ற மென்பொருளை ஏற்றி இதே வேலையைச் செய்யலாம். அதில் பணத்துக்குப் பதில் நேரம் செலவாகும், வீட்டில் மற்றவர்களுக்கு அது நின்றுபோனால் எழுப்பத் தெரியாது.

## வைஃபை ஸ்பீக்கர்

ஆம்ப், டிஏசி, ஸ்ட்ரீமர் எல்லாம் ஸ்பீக்கருக்கு உள்ளேயே. கம்பிகள் குறைவு, குடும்பத்தில் சண்டையும் குறைவு. ஆனால் ‘வைஃபை ஸ்பீக்கர்’ என்ற ஒரே பெயருக்குள் பெரிய வித்தியாசங்கள் ஒளிந்திருக்கின்றன. சோனோஸ் 24/48ஓடு நிற்கும். 24 பிட் என்பதால் ஹை-ரெஸ் என்று சொல்லலாம், 96 கிடையாது. கெஃப் எல்எஸ்50 வயர்லெஸ் 2 போன்ற ஜோடி ஸ்பீக்கர்களில் இரண்டுக்கும் நடுவே கேபிள் போட்டால் 24/192, போடாவிட்டால் 24/96. ஆக, ‘வயர்லெஸ்’ என்று வாங்கியதற்கும் ஒரு வயர் தேவைப்படலாம். விவரப் பட்டியலில் உள்ளே வரும் அளவை மட்டும் பார்க்காமல், இரு ஸ்பீக்கர்களுக்கு இடையே போகும் அளவையும் பாருங்கள்.

ஆயுள்தான் இங்கே பெரிய செலவு. ஸ்பீக்கர் கூம்பும் பெட்டியும் பல்லாண்டு உழைக்கும், உள்ளே இருக்கும் மென்பொருள் அவ்வளவு காலம் வராது. சோனோஸ் தன் பழைய கருவிகள் சிலவற்றுக்கு 2020 மே மாதத்துக்குப் பிறகு புது மென்பொருள் வராது என்று அறிவித்தது. தனித்தனிக் கருவிகளாக இருந்தால் ஸ்ட்ரீமரை மட்டும் மாற்றலாம், இங்கே மொத்தத்தையும் மாற்ற வேண்டும்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு, இடம் குறைவானவருக்கு இது நியாயமான தேர்வு. ஸ்பீக்கரையும் ஆம்ப்பையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரே கை வடிவமைத்திருப்பதால், தவறாகச் சேர்த்த தனிக்கருவிகளைவிட நன்றாகவே ஒலிக்கும்.

## சொந்தக் கோப்புகள், சொந்த சர்வர்

வாங்கி இறக்கிய ஃப்ளாக் கோப்புகளையும், சிடியிலிருந்து எடுத்தவற்றையும் வீட்டு வன்தட்டில் வைத்து, லிரியன் மியூசிக் சர்வர், ரூன் போன்ற மென்பொருள் வழியாக ஸ்ட்ரீமருக்கு அனுப்புவது. தரத்தில் குறையே சொல்ல முடியாது. உரிம ஒப்பந்தம் முடிந்து ஆல்பம் காணாமல் போகும் தொல்லையும் இல்லை. எந்தப் பதிப்பு, எந்த மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்பு) என்பது நம் கையில் இருக்கும். என் கணிப்பில் அதுதான் பிட் கணக்கைவிடப் பெரிய ஆதாயம்.

காப்புப் பிரதி எடுப்பது, பெயர்களைச் சீர்படுத்துவது எல்லாம் தீராத வேலை. அப்புறம், வாங்கும் கோப்பு உண்மையிலேயே ஹை-ரெஸ்தானா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் அதிர்வெண் படம் வரும். 24/96 என்று விற்ற பாட்டில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல எல்லாம் கருப்பாக இருந்தால், சிடி மாஸ்டரைப் பெரிதாக்கி விற்றிருக்க வாய்ப்பு அதிகம்.

## ஒரே பார்வையில்

| வழி | நடைமுறை உச்சம் | பெரிய ஆபத்து | மறைவான செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| புளூடூத் | லாஸ்லெஸ் அரிது | சிக்னலோடு தரமும் இறங்கும் | வீணாகும் மேல் சந்தா | விருந்தினர், பின்னணி இசை |
| ஏர்பிளே | 16/44.1 | போனை நம்பி இருப்பது | போன் வெளியே போனால் பாட்டு நிற்கும் | ஆம்ப்பில் ஏற்கெனவே இருந்தால் |
| காஸ்ட் | 24/96 | பாட்டுகளுக்கு இடையே அறுபடல் | நிறுவன ஆதரவு நின்றுபோவது | பல ஆப் புழங்கும் வீடு |
| யூஎஸ்பி டிஏசி | 24/192 | இயங்குதளம் ரேட்டை மாற்றுவது | இரைச்சல், கேபிள் | தனியாகக் கேட்பவர், ஆப்பிள் மியூசிக் |
| ஸ்ட்ரீமர் | 24/192 | ஆம்ப் மறுபடி மாற்றுவது | கூடுதல் பெட்டி | பொது அறை, குடும்பம் |
| வைஃபை ஸ்பீக்கர் | 24/48 முதல் 24/192 | இரு ஸ்பீக்கர்களின் இணைப்பு | மென்பொருள் ஆயுள் | புதிதாகத் தொடங்குபவர் |
| சொந்த சர்வர் | கோப்பின் அளவு | போலி ஹை-ரெஸ் | நேரம், காப்புப் பிரதி | சேகரிப்பாளர் |

டிவியில் இருக்கும் இசை ஆப்பைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பல டிவிகள் எது வந்தாலும் 48 கிலோஹெர்ட்ஸாக்கித்தான் வெளியே அனுப்புகின்றன.

## வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

எந்த வழியாக இருந்தாலும் முதலில் ஆப்பின் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் தரம் தனித்தனியாக அமைந்திருக்கும், இரண்டாவது பெரும்பாலும் குறைவில்தான் இருக்கும். பாட்டுகளின் சத்தத்தைச் சமன்படுத்தும் அமைப்பு ஓடினால் பிட்கள் மாறும், அதை அணைத்துவிடுங்கள். ஆப்பிள் மியூசிக்கில் டால்பி அட்மாஸ் (சுற்றொலி) ‘தானியங்கி’யில் இருந்தால், பொருந்தும் கருவிகளில் ஹை-ரெஸ்ஸுக்குப் பதில் அட்மாஸ் பதிப்பு ஓடும். அது நொடிக்கு 768 கிலோபிட்டில் வரும் சுருக்கிய ஒலி. அட்மாஸ் பிடித்துக் கேட்பது வேறு விஷயம், ஹை-ரெஸ் என்று நினைத்துக்கொண்டு அதைக் கேட்பது வேறு.

டேட்டா கணக்கையும் பாருங்கள். ஆப்பிள் தரும் கணக்குப்படி மூன்று நிமிடப் பாட்டு ஏஏசி 256இல் 6 எம்பி, 24/192இல் 145 எம்பி. ஒரு மணி நேரம் கேட்டால் முன்னது 120 எம்பி, பின்னது கிட்டத்தட்ட 3 ஜிபி. அளவு வரம்புள்ள இணைப்பு என்றால் 24/48ஓடு நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

அப்புறம், ஸ்ட்ரீமரில் அறைத் திருத்தம் (அறையால் கெடும் ஒலியைச் சரிசெய்யும் வசதி) இருந்தால் அதை ஓட்டுங்கள். பிட்கள் மாறும்தான். ஆனால் சுவருக்கு ஒட்டி வைத்த ஸ்பீக்கரில் பாஸ் குமுறுவது பத்து டெசிபல் வரைகூடப் போகும், அது எந்தக் காதுக்கும் கேட்கும். முதலில் எல்லாவற்றையும் அணைத்து, டிஏசியின் எண் பாட்டோடு சேர்ந்து மாறுகிறதா என்று பார்த்துப் பாதை சுத்தம் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்து வையுங்கள். அதற்கு மேலும் குமுறல் இருந்தால் திருத்தத்தை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் பயன்படுத்துங்கள். புதிய கருவிக்கான பட்டியலை அதற்குப் பிறகு எழுதலாம்.